கீபோர்டில் கொட்டிய காபி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உன் இருமல் விட்டதா என்பதுதான் இங்கே கவலை. ஃபோனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். இதைச் சொல்லிவிட்டு உன் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லையப்பா.

நீ வாங்கித் தந்த லேப்டாப்பை ரிப்பேர் கடைப் பெண் கெடுத்துவிட்டாள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். கெடுத்தது நான். டைப் அடிக்கும்போது முழங்கை பட்டு அரை டம்ளர் காபி கீபோர்டுக்குள் போய்விட்டது. அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் துணியால் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி காய் நறுக்கப் போய்விட்டேன். முப்பது வருஷம் ஆபீஸில் டைப் அடித்தவள், மெஷின் பக்கத்தில் தண்ணீர் வைத்தாலே புதிதாக வந்தவர்களைக் கடிந்தவள், எந்த முகத்தோடு சொல்வேன்? நாலே நாளில் ஒரு எழுத்து தானாக ஓட ஆரம்பித்தது, பாஸ்வேர்டு கட்டம் நான் தொடாமலே புள்ளி புள்ளியாக நிரம்பியது. கடைக்குக் கொண்டுபோனேன். "ஏதாவது கொட்டிடுச்சாம்மா?" என்று அந்தப் பெண் மெதுவாகத்தான் கேட்டாள். பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று சாதித்தேன். மறுநாள் போனால் பாதி எழுத்து செத்திருந்தது, இது லேப்டாப்போடு சேர்த்துப் பதித்த கீபோர்டு, மேல்பாகம் முழுக்க மாற்ற வேண்டும் என்றாள். "வரும்போது ஒரு எழுத்துதான் போயிருந்தது, உன் கை பட்டதும் எல்லாம் போச்சு" என்று கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் லேப்டாப்பை மூடி என் பையில் பத்திரமாக வைத்துத் தந்தாள். நீயும் என் பேச்சை நம்பி அவளைப் பற்றி இன்டர்நெட்டில் காரசாரமாக எழுதிவிட்டாய்.

போன வாரம் அதே கடைக்குப் பிரின்ட் எடுக்கப் போன அப்பா, அந்தப் பெண் இப்போது வாசலில் நின்று சார்ஜர் விற்கிறாள், இனி எதையும் கழற்றக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம் என்றார். அதைக் கேட்டதும்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா திட்டவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு "வா, போகலாம்" என்றார். கடையில் எல்லார் காதிலும் விழும்படி முதலாளியிடம் சொன்னேன், கூனிக் குறுகிப் போனேன். அவளோ என்னைத் தனியாக அழைத்து, "எனக்கு அப்பவே தெரியும்மா, பட்டனுக்கு அடியில சர்க்கரை பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. பெரியவங்கள நாலு பேர் முன்னாடி எப்படிம்மா சொல்றது?" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே இருக்கும் கீபோர்டு வேலை செய்யாதபடி செட்டிங்கில் நிறுத்திவிட்டு, ஒயர் வைத்த வேறொன்றை மாட்டித் தந்தாள், நன்றாகவே ஓடுகிறது.

முதலாளி அவளை மறுபடி ரிப்பேர் மேசைக்கு அனுப்பிவிட்டார். ஆனால் நீ எழுதியதைப் படித்துவிட்டு வருகிறவர்கள், அந்தப் பெண் தொட வேண்டாம் என்கிறார்களாம். அதை அழித்தால் மட்டும் போதாது கண்ணா. தப்பு என் அம்மாவுடையது, அம்மா சொன்னது பொய் என்று அதே இடத்தில் எழுது. உனக்குக் கை வராது, தெரியும். எனக்காக எழுது.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இருவர் மனதிலும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே எழுதிவிடு, தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படும்
அம்மா