மெஷின் பெல்ட் என் கைப்பையில்

என்னங்க,

மூன்று வருடத்தில் இன்றுதான் உங்களை எழுப்பாமல் வேலைக்குப் போகிறேன். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, நாள்பட்ட களைப்பு நோய்" என்று டாக்டர் நேற்றுச் சொன்னது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இனி உங்களைத் திட்டிய வாய்க்குத்தான் ஓய்வு.

மதியச் சாப்பாட்டைக் கட்டில் பக்கத்திலேயே மூடி வைத்திருக்கிறேன். சட்டைக்கு அளவு கொடுத்தவர் வந்தால் வியாழக்கிழமை என்று சொல்லுங்கள்.

உடம்பு கொஞ்சம் தேறின நாளில் ஒரே மூச்சில் நாலு சட்டை தைத்துவிட்டு, அப்புறம் நாலு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பீர்கள். அதுதான் கூடாதாம். அதனால் தையல் மெஷின் பெல்ட்டைக் கழற்றி என் கைப்பையில் எடுத்துப்போகிறேன். கோபம் வந்தால் படுத்துக்கொண்டே கோபப்படுங்கள்.

பி.கு. பகலில் படுக்கக்கூடாதென்று நான் ஒளித்த தலையணையைத் தேடவேண்டாம். உறை மாற்றி, நீங்கள் தூங்கும்போதே தலைக்கடியில் வைத்துவிட்டேன்.