மைக்கை நீட்டியவள் நான்தான்

பாடாமலே போய்விட்ட என் செல்ல அண்ணாவுக்கு,

ஞாயிறு மத்தியானம் வேலை வீட்டில், நான் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். டிவியில் ஒரு அமெரிக்கப் படம். தொப்பியும் கிற்றாருமாக ஊர் ஊராக நாட்டுப்பாட்டுப் பாடித் திரியும் ஒருவனின் கதை. ஒருநாள் காரில் றேடியோவை அலறவிட்டுக் கூடவே பாடிக்கொண்டு போகிறான். ரயில் வந்த சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் செத்துப்போகிறான்.

அதற்குப் பிறகு அவன் பாடுவதே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ மைக்கை நீட்ட, வெளியே ஓடிப்போய்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் திடுக்கிட்டுப் போனேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. சிஞ்ஞோரா பாவம், வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

என் மகள் ஜெனி கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்றைய விருந்து நினைவிருக்கிறதா? "அண்ணா, ஒரு பாட்டுப் பாடுங்கோ" என்று எல்லோர் முன்னும் மைக்கை நீட்டினேன். நீங்கள் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "பெரிய எடுப்புத்தான்" என்று சனம் கேட்கச் சொன்னேன். அதோடு ஐந்து மாதம் உங்களுடன் கதைக்கவில்லை. பிறகு பகேரியாவில், வேலை வீட்டுத் தோட்டத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்கள் என்ற செய்திதான் வந்தது.

நேற்று, நீங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவுக்கு ஓடினேன். உங்களோடு ஒரே அறையில் இருந்த அந்தோனி அண்ணையிடம், உங்களுக்கும் அப்படி ஏதும் நடந்ததா என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. நீர் இஞ்சை வந்தாப் பிறகு ஊரிலை நடந்தது. கோயில் பெருநாளண்டு மைக்கிலை பாடிக்கொண்டு நிண்டது அவன்தான். பாட்டுச் சத்தத்திலை பிளேன் வந்தது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. முன்னுக்கு இருந்த சனம் முழுக்க..."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்ல வேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவன்."

அண்ணா, குண்டு போட்டவன் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். நீங்கள் ஏன் அதைச் சுமந்தீர்கள்?

படத்தின் முடிவில் அந்தப் பாடகன் நண்பனின் தாயிடம் போகிறான். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, மைக் இல்லாமல், மெதுவாகப் பாடச் சொல்கிறாள் அவள். பாடுகிறான். அழுகிறான். அதற்குப் பிறகுதான் அவன் முகத்தில் உயிர் வருகிறது. உங்களையும் யாராவது அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டியவள் நான்.

நாளை உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. கோயிலில் மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெனி சும்மா குரலில் பாடுவாள். நீங்களும் சேர்ந்து பாடுங்கள், பயப்பட வேண்டாம். பாடி முடியும்வரை வாசலில் நின்று வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுடன் கதைக்காமல் இருந்த தங்கச்சி,
றீற்றா