கழற்றி வைத்த முன்சக்கரமும் மூன்று மணி ஏலமும்

அனுப்புநர்:
பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவர்,
வெளியூர்ப் பயணி.

பெறுநர்:
நிலைய மேலாளர் அவர்கள்,
இரயில் நிலையம்.

பொருள்: பழைய இரும்பு என்று எடுத்துச் செல்லப்பட்ட எங்கள் சைக்கிளை இன்று பிற்பகல் மூன்று மணி ஏலத்திலிருந்து நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மணி இப்போது பதினொன்று நாற்பது. நிதானமாக எழுதக்கூடியவள்தான், இன்று அவசரத்தில் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் கணவர் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். மூன்று வருடங்களுக்கு முன் பார்வை போய்விட்டது. எட்டு மாதம் வாசற்படி தாண்டவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் இரண்டு பழைய சைக்கிள்களை ஒட்டவைத்து, இருவர் மிதிக்கும் வண்டியாக்கிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். நான் முன்னால் ஓட்டுவேன், அவர் பின்னால் மிதிப்பார். மிதிப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. மணி அடி, ஓரமாக ஒதுக்கு, பிரேக்கில் கை வை என்று லைசென்ஸ் கொடுக்க வந்த அதிகாரி போல உத்தரவு போடுவார். அந்த அதட்டலைக் கேட்ட பிறகுதான் எனக்கும் உயிர் வந்தது.

2. தெரியாத ஊரில் வண்டியை நிறுத்தினால், திருடு போகக்கூடியதைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது அவருடைய லாரிக்காலப் பழக்கம். அதை சைக்கிளுக்கும் கொண்டுவந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனையில் அவருடைய பரிசோதனைக்காக வண்டியையும் இரயிலில் ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தோம். மருத்துவமனையில் சைக்கிள் விட இடமில்லை என்றதால் தங்கள் நிலைய ஸ்டாண்டில் விட்டோம். முன்சக்கரம், இரண்டு சீட்டு, நான்கு பெடல், மணி, பம்பு எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டினார். மீதியைச் சங்கிலியால் தூணோடு பூட்டினோம். சாக்கைச் சுமந்தது நான். மருத்துவமனையில் அவர் கட்டிலுக்கு அடியில் சக்கரத்தைப் பார்த்த நர்ஸ், இதற்கும் ஆபரேஷனா என்று கேட்டுச் சிரித்தார்.

3. நேற்று மாலை திரும்பி வந்தால் தூண் மட்டும் இருந்தது. என் கணவர் அதை மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு மறுபடியும் தடவினார். திருட்டு என்று நினைத்துக் காவலரிடம் போனோம். என்ன வண்டி என்றார். சக்கரமும் சீட்டும் இல்லாத சைக்கிள் என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

4. இன்று காலை தங்கள் நிலையக் கிடங்கின் ஜன்னல் கம்பி வழியே எங்கள் வண்டியை நானே பார்த்தேன். துருப்பிடித்த குழாய்களோடு கிடக்கிறது. இன்று மூன்று மணி ஏலம் என்ற அட்டையும் தொங்குகிறது. யாரோ கைவிட்டுப் போன வண்டி என்று ஊழியர்கள் சங்கிலியை வெட்டியிருக்கிறார்கள். திருடனுக்குப் பயந்து நாங்கள் கழற்றியதே வண்டியைக் குப்பையாகக் காட்டிவிட்டது. பாதித் தவறு எங்களுடையது. ஆனால் பூட்டிய வண்டியை ஏழு நாள் தொடக்கூடாது என்று ஸ்டாண்டின் அறிவிப்புப் பலகை சொல்கிறது. எங்கள் வண்டிக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

5. கிடங்கு எழுத்தர், “சைக்கிள்னா சக்கரம் இருக்கணும்மா. இது பழைய இரும்பு” என்றார். ரசீது கேட்டார். பட்டறையில் ஒட்டவைத்த வண்டிக்கு ரசீது ஏது? என் கணவர் தொட்டு அடையாளம் சொல்வார் என்றேன். கண் தெரியாதவர் எப்படி அடையாளம் காட்டுவார் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது ஐயா, மறைக்கவில்லை. பின் கைப்பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. கண்ணுள்ள எனக்கே அது பார்த்தால் தெரியாது.

6. இதைக் கேட்டு நின்ற என் கணவர் சொன்னது இவ்வளவுதான்: “போனா போகுது, விடு. நான் வீட்லயே இருந்துக்கிறேன்.” வண்டி போவதைவிட இந்தப் பேச்சுக்குத்தான் பயப்படுகிறேன். அந்த எட்டு மாதத்தை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது.

ஏலத்தையே நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அந்த ஒரு வண்டியை மட்டும் ஒதுக்கி வைத்து, பத்து நிமிடம் எங்களைக் கிடங்குக்குள் விடும்படி வேண்டுகிறேன். அவர் தன் கையால் எல்லாவற்றையும் மாட்டட்டும். ஒரு திருகு பொருந்தாவிட்டாலும் பேசாமல் இரயில் ஏறிவிடுகிறோம். பொருந்தினால் தங்கள் வாசலிலிருந்தே மிதித்துப் போய்விடுகிறோம்.

காலையிலிருந்து வாசலில் கேட்கும் மணிச் சத்தத்துக்கு மன்னிக்கவும். விட்டுவிடு என்று சொன்னவர்தான் அதை அடித்துக்கொண்டிருக்கிறார்.

நாள்: வியாழக்கிழமை, முற்பகல் 11.55
இடம்: தங்கள் அறை வாசல் பெஞ்சு

இப்படிக்கு,
(கையொப்பம்)
முன் சீட்டுக்காரி

இணைப்பு: முன்சக்கரம் 1, சீட்டு 2, பெடல் 4, பம்பு 1, மணி 1. இவற்றை மடியில் வைத்தபடி என் கணவர்.