எனக்கு வைத்த தட்டு

பெல்ஜியம், 3 நவம்பர் 1953

அன்புள்ள அம்மாவுக்கு, டொனாட்டோ வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை சுரங்கத்தில் கொஞ்சம் மண் சரிந்து, நான் மேலே வரத் தாமதமாகிவிட்டது. நாங்கள் தங்கும் கொட்டகையில் என்னோடு வேலை செய்யும் நுன்சியோ, நம் ஊர் வழக்கப்படி, செத்துப்போன நண்பர்களுக்கு மேசையில் சாப்பாடு வைத்திருந்தான். அதில் எனக்கும் ஒரு தட்டு!

“நீ போய்ட்டேன்னு நெனச்சிட்டேன்டா. வச்ச தட்ட விடியறவரைக்கும் எடுக்கக் கூடாதே!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

காலையில் மற்றத் தட்டுகள் வைத்தபடியே இருந்தன. என் தட்டில் மட்டும் ரொட்டியைக் காணோம். “எலிடா,” என்றான் நுன்சியோ.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும்.

தினமும் மேசையில் எனக்கும் தட்டு வைக்கிறீர்களாம், தங்கச்சி எழுதியிருந்தாள். இனி வைக்காதீர்கள், அம்மா. யாரோ வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள்.

சங்கு ஊதிவிட்டது. இறங்க வேண்டும்.

உங்கள் மகன்,
டொனாட்டோ