உதடு முந்தி, சத்தம் பிந்தி

மார்ச் 4

இன்றும் அதே கதை. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா பதிவு செய்து கொடுத்த வீடியோ திக்கித் திக்கி ஓடியது. திரையில் அவர் உதடு "பூ" என்று குவிந்து, "மா" என்று மூடித் திறந்த பிறகுதான் அந்தப் "பூ" காதில் விழுகிறது. பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதர் உதட்டைப் பார்த்துத்தானே ஒலியைப் பிடிக்க வேண்டும்? என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் முயன்றார். பிறகு இடது கையால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். கெட்டுப்போனது இதுதான் என்று.

இல்லைங்க. சத்தியமா இல்லை. கெட்டது லேப்டாப்.

மார்ச் 5

கொழுந்தன் வந்திருந்தார். "அண்ணி, அது கிழட்டு லேப்டாப். தூக்கிப் போட்டுட்டு ஃபோன்ல காட்டுங்க." ஃபோனில் உதடு கடுகளவு. அண்ணனுக்கு வலப்பக்கப் பார்வை மங்கல் என்பது இவருக்குத் தெரியாதா? பார்த்துவிடுகிறேன். அதுவா, நானா.

மார்ச் 7

சார்ஜரில் செருகி ஓட்டினால் திக்கல் இல்லை. வயரை உருவினால் திக்குகிறது. ஆக, வீடியோவில் கோளாறில்லை. வயரோடே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பிளக் இருப்பது கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். காலை இழுத்து இழுத்து அவர் நடக்கும் வழி அது. குறுக்கே வயரைப் போட்டு அவரை விழவைக்க மாட்டேன்.

மார்ச் 8

பிடித்துவிட்டேன்! சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கியதும் "பேட்டரி சேமிப்பு" தானாக விழித்துக்கொள்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று லேப்டாப்பையே மந்தமாக்கிவிடுகிறது. அணைத்தேன். திரை மங்குவதையும் நிறுத்தினேன். வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

மார்ச் 9

சத்தம் மட்டும் இன்னும் பிந்துகிறது. ஏன்? இன்னும் என்ன?

மார்ச் 10

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு வில்லையைத்தான் மாற்றுவேன். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று எப்படித் தெரியும்? வீட்டிலும் அப்படியே செய்தேன். வீடியோவை வேறொரு பிளேயரில் ஓட்டினேன் – பிந்தியது. திரைக்கான மென்பொருளைப் புதுப்பித்தேன் – பிந்தியது. "உனக்கு என்னதான்டா வேணும்!" என்று லேப்டாப்பிடம் கத்தினேன். அவர் சிரித்துவிட்டார். கோணல் வாய்தான். சிரிப்பு முழுசு.

மார்ச் 12

கண்டுபிடித்தது அவர்.

வீடியோ நடுவில் கையைத் தூக்கி, நிறுத்தும்படி சைகை காட்டினார். மகள் வாங்கித் தந்த வயரில்லாத ஸ்பீக்கர் – நன்றாய்க் கேட்கட்டுமே என்று நான்தான் அவர் தலைமாட்டில் வைத்திருந்தேன். லேப்டாப்பைக் காட்டினார். ஸ்பீக்கரைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே போர்வைமேல் விரலை நத்தை மாதிரி ஊரவிட்டார். சத்தம் வந்துசேர நேரமாகிறதாம்!

ஸ்பீக்கரை அணைத்தேன். லேப்டாப்பின் சொந்தச் சத்தம் சின்னதுதான். ஆனால் உதடு குவிந்தது, "பூ" கேட்டது. இரண்டும் ஒன்றாக. திரும்ப ஓட்டினேன். ஒன்றாக.

"இந்தத் தலையையா கெட்டுப்போச்சுன்னீங்க?" என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 13

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பயிற்சி. "பூ" வரவில்லை. காற்று வந்தது. பரவாயில்லை, காற்றுதானே முதலில் வரும்.

மார்ச் 29

"மா." சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

ஏப்ரல் 26

லேப்டாப்பைத் திறக்கவில்லை. காலையில் கொழுந்தனும் அவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் தட்டை என் பக்கம் தள்ளி, "உப்பு... ஜாஸ்தி" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "கடைக்கு ஓடற அவசரத்துல செஞ்சது. இஷ்டம்னா சாப்பிடுங்க."

"மாட்டேன்."

கொழுந்தன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.