பதில் வராத விசில்

செப்டம்பர் 4

அன்புள்ள மருந்துக்கடைக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. உன் வீட்டில் எல்லாரும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடியும் மலைக்குப் போகிறீர்களாம். முடிவெட்டுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இருபது வருடம் உங்களோடு நடந்தவனுக்கு ஒரு வார்த்தை இல்லை.

ஜூனில் நடந்ததை யோசித்துப் பார். காலையிலிருந்தே மழை. பையைத் தூக்கும்போதே, "வக்கீல் வாய்தா வாங்கி வாங்கித்தான்டா நடப்பான்" என்றாய். நாலு பேரும் சிரித்தீர்கள். நம் வாத்தியார் நெட்டையும்தான். பிறகு என்னைக் கடைசியில் விட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போனீர்கள். மழைக்கோட்டு தோளில் கிழிந்து, சட்டைக்குள் தண்ணீர் ஓடியது. கீழ்ப்பாதையில் தனியாக இறங்கி, தனியாகவே விடுதிக் கதவைத் தட்டினேன். நெட்டை வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டது வருத்தம்தான். அதனால் நீங்கள் என்னை விட்டுப் போனது இல்லையென்று ஆகிவிடாது.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

வக்கீல்

செப்டம்பர் 11

அன்புள்ள வக்கீலுக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன்னிடம் சொல்லவே கூடாது என்று நெட்டை சத்தியம் வாங்கியிருந்தான். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

பாறை மேட்டில் அரை மணி நேரம் உனக்காக நின்றோம். வழக்கம்போல விசில் ஊதினேன். கடைசியில் வருகிறவன் பதிலுக்கு ஊத வேண்டும் அல்லவா? மூன்று தடவை ஊதியும் பதில் இல்லை. "எங்கயோ விழுந்து கெடக்கான்டா, பாத்துட்டு வரேன்" என்று நெட்டை பையைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினான். உன்னைத் தேடிப் போன இடத்தில்தான் வழுக்கி விழுந்தான். மூன்று பேரும் அவனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தபோது நீ போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஊன்றுகோலோடுதான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறான். இனி மலை ஏற மாட்டான். ஆனாலும் உன்னைக் கூப்பிடச் சொல்கிறான். எனக்குத்தான் மனம் வரவில்லை.

மழையில் விசில் கேட்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன். நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்
மருந்துக்கடை

செப்டம்பர் 19

அன்புள்ள நண்பனுக்கு,

நீ கேட்ட வரியை எழுதிப் பார்த்தேன். கோர்ட்டில் நிற்கும். உனக்கு அனுப்பத்தான் கை வரவில்லை.

கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. கீழ்ப்பாதை பிரியும் இடத்தில், ஒரு மரத்தடியில் நின்றிருந்தேன். என் விசில் கழுத்தில்தான் தொங்கியது. கொஞ்சம் பதறட்டும் என்று நினைத்தேன். அப்படியே கீழே இறங்கிவிட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நெட்டை வீட்டுக்குப் போனேன், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று. அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா. மூணு மாசமா ஆளையே காணோம்? அவரு, 'என் கால் போனா போகுது, வக்கீலுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்'னு சொல்லிட்டே இருக்காரு" என்றாள்.

உள்ளிருந்து ஊன்றுகோல் சத்தம் வாசலை நோக்கி வந்தது. கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கிவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை.

நெட்டையிடம் நீயே சொல்லிவிடு. அடுத்த மாதம் எனக்காக எங்கேயும் நிற்க வேண்டாம்.

வக்கீல்