சாக்கடையில் கொட்டாத மாத்திரை

2025 ஜூன் 8, ஞாயிறு

ராஜபாளையத்தில் தெருவே கறிக்குழம்பு மணக்கிறது. எங்கள் வீட்டில் வெந்த சுரைக்காய். நெஞ்சில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்தது என் வீட்டுக்காரர் விஜயபாண்டிக்கு. நாக்கைக் கட்டிப்போட்டது எனக்கு.

மதுரை டாக்டரம்மா நியாயமாகத்தான் சொன்னார். "காய், கீரை, பயறு நிறையச் சேருங்க. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்றாதீங்க." மனிதர் இளைத்திருக்கிறார், மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அதை மறுக்கவில்லை. ஆனால் காய் தின்பதற்கு இத்தனை கர்வமா? மீன்காரம்மாவை வழிமறித்து உபதேசம். அவள் கூடையை இறக்காமலே போய்விட்டாள். பரோட்டாவுக்கு மட்டும் தடை கிடையாது. "மைதாவும் தாவரந்தானேட்டி" என்கிறார். காராச்சேவும் தாவரமாம். எண்ணெய் எந்த மாட்டிலிருந்து கறந்தது என்று கேட்கிறார்!

ஜூன் 22, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் தாவர உணவுக்காரர்களின் கூட்டம். இவர்தான் பேச்சாளர். "அம்புட்டு மாத்திரையையும் சாக்கடையில கொட்டிட்டேன். இப்ப கீரைதான் எனக்கு மருந்து!" ஒரே கைதட்டல்.

காலையில் வெந்நீரோடு மாத்திரை விழுங்கியதும் இதே வாய்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் கேட்டேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அப்பத்தான் சனங்ககிட்ட எடுபடும்" என்றார்.

எடுபடுமாம். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

ஜூலை 3

வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அடுத்த கூட்டத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். பச்சை நிறம்.

ஜூலை 17, வியாழன்

எதிர்வீட்டுக் கருத்தையா அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவருக்கும் இந்த வருஷந்தான் ஸ்டென்ட் வைத்தது. ஆம்புலன்ஸில் நானும் மதுரைக்குப் போனேன். அவர் மனைவி குருவம்மாள் மதினி என் கையை விடவே இல்லை.

"ஒங்க வீட்டுக்காரரு பேசுன வீடியோவைப் பாத்துத்தான், காளி, இவிய மாத்திரையை நிப்பாட்டுனாக. 'அவியளுக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு மட்டும் என்ன ஆயிரப்போகுது'ன்னாக."

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். "மாத்திரையை ஏன் விட்டாரு?" என்று டாக்டர் கேட்டார். மதினி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இவர் வரவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஜூலை 18

"கீரையை ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்கிறார். தூ.

ஜூலை 27, ஞாயிறு

பச்சைச் சட்டை. அதே மண்டபம். அதே சாக்கடைக் கதை. கைதட்டல் அடங்கும் முன்பே நான் மேடை ஏறிவிட்டேன். மைக்கை வாங்கினேன்.

"நான் இவிய சம்சாரம். இவிய ஒரு நாளும் மாத்திரையை நிப்பாட்டல. இன்னைக்குக் காலையிலகூட நான்தான் தண்ணி மோந்து குடுத்தேன். காய், கீரை சாப்பிடுங்க, நல்லதுதான். ஆனா டாக்டரைக் கேக்காம மாத்திரையை விட்றாதீங்க. இவிய பேச்சைக் கேட்டு விட்டவரு மதுரையில உசுருக்குப் போராடிட்டுக் கெடக்காரு."

"நெசமா சார்?" என்று யாரோ கேட்டார். இவர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். முன்வரிசையில் ஓர் அம்மா போனில், "ஏலே, அந்த மாத்திரைச் சீட்டைத் தேடி எடு... ஆமா, இப்பவே" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வரும்போது தனித்தனி பஸ்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணாச்சி வீடு திரும்பிவிட்டார். இதயத்தில் பாதிப் பலந்தான் மிச்சமாம். வாசல்வரை நடப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறார்.

இன்று இவர் வேட்டியை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். மதினி கதவைத் திறந்தாள். "காளி வரலையா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சாத்திவிட்டாள்.

திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். பரிமாறினேன். 

செத்த நேரம் கழித்து நான் எதிர்வீட்டுக்குப் போனேன். எனக்குக் கதவு திறந்தது.